நடக்கவிட்ட ஆட்டம்

ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டும் ஜெயிக்கலாம் என்பது எனக்கு உறைத்தது பேரணி ஸ்டேஷனில். பின்னால் வந்த எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு எங்கள் காலைப் பாசஞ்சர் அங்கே நின்றுகொண்டிருந்தது. மடியில் காந்தப் பலகை, கையில் போன். போனைப் பார்த்துப் பார்த்து, நூறு வருஷத்துக்கும் மேலே பழசான ஒரு செஸ் ஆட்டத்தை எதிர் சீட்டிலிருந்த அக்காவுக்கு ஆடிக் காட்டிக்கொண்டிருந்தேன். லண்டனில் ஒரு கிளப்பில் இரண்டு பேர் பொழுதுபோக்காக ஆடியது. செஸ் பைத்தியம் பிடித்தவர்களுக்கெல்லாம் மனப்பாடமான ஆட்டம். எனக்கு அந்த வாரம்தான் அகப்பட்டது. அகப்பட்ட நாளிலிருந்து யாரிடமாவது காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

வெள்ளை ராணி நேராகப் போய், கறுப்பு ராஜாவின் வாசலில் நிற்கும் சிப்பாயைத் தின்னும். சாவதற்கென்றே போய்த் தின்னும். ராஜாவுக்கு வேறு வழி கிடையாது, ராணியைத் தின்றே ஆகவேண்டும். தின்றதும் ஒரு குதிரை குதிக்கும். குதிரையும், அது விலகிய வழியில் பின்னாலிருந்த மந்திரியும் சேர்ந்து ஒரே சமயத்தில் இரண்டு செக். ராஜா வீட்டைவிட்டு வெளியே வருவான். இன்னொரு குதிரை செக் வைக்கும். இன்னும் ஒரு கட்டம் முன்னால் வருவான். ஓரத்துச் சிப்பாய் ஒரு செக், பக்கத்துச் சிப்பாய் ஒரு செக், மந்திரி ஒரு செக், யானை ஒரு செக். இப்படியே தள்ளித் தள்ளிப் பலகை முழுக்கக் கடந்து எதிரியின் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்பான். அப்போது வெள்ளை ராஜா தன் இடத்திலிருந்து ஒரே ஒரு கட்டம் ஒதுங்கிக்கொள்வான். அவன் ஒதுங்கிய கோட்டில் மூலையிலிருந்த யானை பார்க்கும். மேட்.

ஒரு ராஜாவுக்கு இன்னொரு ராஜா வழிவிட்டு ஒதுங்குவதே சாவு! நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் ராணி போனதைப் பற்றித்தான் பேசினார்கள். ராணி போயும் எப்படி, ராணியை எப்படி மனசு வந்து, என்று. அக்கா மட்டும் கறுப்பு ராஜாவை ஒரு விரலால் தொட்டு, அவன் வந்த வழியே பின்னால் நகர்த்திக்கொண்டு போய் அவன் வீட்டில் வைத்தார். மறுபடியும் ஒவ்வொரு கட்டமாக முன்னால் நடத்திக்கொண்டு வந்தார்.

"இவன யாரும் கையப் புடிச்சி இழுக்கல, பாரு பாப்பா. அவனே நடந்து வர்றான். ராணி இருந்திருந்தா வூட்டுலயே ஒக்காந்துனு இருந்திருப்பான்."

அங்கேதான் உறைத்தது. அதுவரை நான் பார்த்தது போனதை. அக்கா பார்த்தது நடந்தவனை. எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போனது, எங்கள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது, அக்கா "இன்னொரு வாட்டி போடு" என்றார். அதற்கு அவரே ஒரு பெயரும் வைத்துவிட்டார்: நடக்கவுட்ட ஆட்டம். அப்புறம் பல காலைகளில், திண்டிவனத்தில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்த கையோடு, நடக்கவுட்ட ஆட்டத்தைப் போடச் சொல்வார். சினிமாவில் பிடித்த சீனைத் திரும்பப் போடச் சொல்வது மாதிரி.

அக்காவின் பெயர் என்னவென்று எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பெட்டியில் யாருக்கும் பெயர் இல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு சீசன் டிக்கெட்டில் போகிறவர்கள் நாங்கள். யார் எங்கே வேலை பார்க்கிறார்களோ அதுதான் பெயர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர் ரெஜிஸ்டர் ஆபீஸ் அண்ணன். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் பாலிடெக்னிக் சார். எம்.எஸ்சி. கணக்குப் படித்துக்கொண்டிருந்த நான் காலேஜ் பாப்பா. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த இவர் முண்டியம்பாக்கத்து அக்கா. பிறகு அவருக்கு மாற்றல் ஆகி வேறு ஊருக்குப் போனபோதுகூட, என் போனில் அவர் எண் 'முண்டியம்பாக்கம்' என்றுதான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

பெட்டியில் செஸ்ஸுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஆட்டம் முடிவதற்குள் யாராவது ஒருவர் இறங்கும் ஸ்டேஷன் வந்துவிட்டால், அந்த இடத்திலேயே காயை எண்ண வேண்டும். யாரிடம் காய் அதிகமோ அவர் ஜெயித்தார். யார் போட்ட சட்டமோ தெரியாது, எல்லாரும் அதிலேயே ஊறிப்போயிருந்தார்கள். விளைவு, எங்கள் பெட்டியில் யாரும் ராஜாவைப் பிடிக்க ஆடுவதில்லை. ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டால் போதும், கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டேஷன் வருகிறதா என்று ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். தின்ற காய்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைப்பது பெரிய கௌரவம். ரெஜிஸ்டர் ஆபீஸ் அண்ணன் அடுக்கினால் கொலு மாதிரி இருக்கும், உயரவாரியாக.

அக்கா தின்ற காயை அடுக்கவே மாட்டார். தின்றதும் பைக்குள் போட்டுவிடுவார், சாப்பாட்டு டப்பாவோடு டப்பாவாக. முண்டியம்பாக்கம் வந்து எண்ண வேண்டுமென்றால் பையைக் கொட்டித் தேட வேண்டும். ஒருமுறை அவர் தின்ற யானை எலுமிச்சை சாதத்துக்குள்ளிருந்து வந்தது. எண்ணிக்கொண்டிருந்த அண்ணன் மூக்கைச் சுளித்ததும் அக்கா கேட்டார்:

"எண்ணி எண்ணி வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்கண்ணா? இது இன்னா மல்லாட்டை மூட்டையா, மார்க்கெட் கமிட்டிக்கு எடுத்துனு போய் எடை போட?"

வாய் என்னவோ இப்படி, ஆனால் அக்கா பெரும்பாலும் தோற்றார். இதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. அவர் ஆட்டத்தில் ராணி எப்போது வேண்டுமானாலும் செத்துப்போகும். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் ராணியைக் கொடுத்துவிட்டு, எதிராளி ராஜாவை விரட்டு விரட்டென்று விரட்டி, ஒரு நூலிழையில் அவன் தப்பித்துக்கொள்ள, முண்டியம்பாக்கத்தில் எண்ணினால் பாதி காய்கூட இருக்காது. மற்றவர்களுக்கு விழுப்புரம்வரை அவகாசம். அவர் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்க வேண்டியவர். அவரோடு ஆடுகிறவர்கள் விக்கிரவாண்டி வந்ததும் தாடையில் கைவைத்து யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். யோசனையெல்லாம் ஒன்றுமில்லை, முண்டியம்பாக்கம் வரட்டும் என்பதுதான். பாலிடெக்னிக் சார் கிண்டலில் கெட்டிக்காரர். ராணியை இன்றைக்கு எந்த ஸ்டேஷனில் கொடுப்பதாக உத்தேசம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் அதுவரை ஒரு தூக்கம் போடலாம் என்பார். அக்காவும் சிரித்துக்கொண்டே மயிலத்தில் எழுப்புகிறேன் என்பார்.

தோற்றுவிட்டு இறங்கும்போது ஒருநாளும் அவர் முகம் சுருங்கிப் பார்த்ததில்லை. "அந்த ஒரு சிப்பாய் மட்டும் அங்க இல்லன்னு வெச்சிக்கோ, செத்தான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே படியில் கால் வைப்பார். மறுநாள் வந்ததும் அதே இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவார்.

ஆட்டம் இருக்கட்டும், ஆளே அப்படித்தான். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர். ஏன் விட்டீர்கள் என்று பெட்டியில் எல்லாரும் ஒவ்வொரு சமயத்தில் கேட்டிருக்கிறோம். ஹாஸ்டல் சாம்பார் நன்றாக இல்லை என்பார். மகளுக்கு அப்போது பால்குடி மறக்காத வயது என்பதும், ஊரில் விட்டுவிட்டுப் போயிருந்தார் என்பதும் வெகுநாள் கழித்து வேறு ஏதோ பேச்சில் வந்து விழுந்தது. அதையும் பெருமையாகச் சொல்லவில்லை. சாம்பாரும் நிஜமாகவே மோசம்தான் என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் பிறந்தது மரக்காணம் பக்கம் கடற்கரைக் குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர். ஒருமுறை நடுக்கடலில் காற்று மாறி, வலை அடியில் பாறையில் சிக்கிக்கொண்டு, படகு ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்ததாம். அப்பா வலையை அறுத்துவிட்டுக் கரை சேர்ந்தாராம். இதைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆஹா, இதிலிருந்துதான் வந்திருக்கிறது, வலைதான் ராணி, படகுதான் ராஜா என்று பெட்டியே கேட்கும்படி பிரசங்கம் பண்ணினேன். அக்கா முழுசாகக் கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"நீ ஒண்ணு பாப்பா. வலைய அறுத்துட்டு வந்ததுக்கு எங்கம்மா அவராண்ட ஒரு மாசம் பேசல. புது வலைக்கி அலஞ்ச பேஜாரு அவங்களுக்குத்தான தெரியும்."

அதோடு என் பிரசங்கம் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் ராணியைக் கொடுக்கும்போதெல்லாம் ஒன்று கவனித்தேன். கொடுப்பதற்கு முன்னால் அவர் ராணியைப் பார்ப்பதே இல்லை. எதிராளி ராஜாவையே பார்த்துக்கொண்டு, அவனைச் சுற்றியிருக்கும் கட்டங்களை உதட்டுக்குள் கேட்பார்: இங்க போவியா, இங்க போவியா, அப்ப எங்கதான் போவ? ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஊசி போடும்போதும் இதே குரல்தான் என்று அங்கே ஒருமுறை போய்வந்த பாலிடெக்னிக் சார் சத்தியம் பண்ணுவார்.

இனி அந்த ஒரு ஆட்டம்.

விழுப்புரத்தில் மாவட்ட அளவில் குழுப் போட்டி ஒன்று அறிவித்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை. குழுவுக்கு நாலு பேர். எங்கள் பெட்டியிலிருந்தும் ஒரு குழு போவதென்று ஆரவாரமாக முடிவானது. பாலிடெக்னிக் சார், நான், சந்தைமேட்டிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பையன், மூவரும் உறுதி. நாலாவது இடம்தான் இழுபறி. ரெஜிஸ்டர் ஆபீஸ் அண்ணனா, அக்காவா? பெட்டியில் பெரும்பான்மை அண்ணன் பக்கம். அவர் தோற்பது அபூர்வம். அக்காவை அனுப்பினால் ராணியை விற்றுவிட்டு வருவார் என்று அவர் காதுபடவே பேசினார்கள்.

ஆனால் அந்த ஞாயிறு டூட்டியை அக்கா ஏற்கெனவே இன்னொரு நர்ஸிடம் மாற்றிக்கொண்டிருந்தார். பதிலுக்குத் தீபாவளி டூட்டியைத் தான் வாங்கிக்கொண்டதாக என்னிடம் மட்டும் சொன்னார். மரப்பலகை, கடிகாரம், சுற்றிலும் சத்தம் போடாத ஒரு ஹால், இதிலெல்லாம் தான் ஒருநாளும் ஆடியதில்லை, ஒரேயொரு தரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றார். காந்தக் காயைப் பலகையிலிருந்து பிய்த்து எடுக்கும்போது வரும் அந்தச் சத்தம் இல்லாமல் ஒரு ராணியை நகர்த்த வேண்டுமாம். சொல்லும்போது அவர் குரல் வழக்கம்போல இல்லை. அவர் எதையும் இவ்வளவு வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரே ஆட்டம், ஜெயித்தவர் போகட்டும் என்றார்கள். சட்டம் வழக்கமான சட்டம். முண்டியம்பாக்கத்தில் எண்ணிக்கை.

வெள்ளிக்கிழமை காலை. திண்டிவனத்தில் வண்டி நகர்ந்ததும் பலகை திறந்தது. அக்காவுக்கு வெள்ளை. அண்ணன் வழக்கம்போல் ராஜாவை மூலைக்கு அடுத்த வீட்டில் பத்திரமாக அடைத்து, முன்னால் குதிரையைக் காவல் வைத்துவிட்டு, தன் ராணியை அனுப்பித் தூரத்து ஓரத்தில் அக்காவின் சிப்பாய்களைப் பொறுக்க ஆரம்பித்தார். ஜன்னல் விளிம்பில் ஒன்று, இன்னொன்று. மயிலம் போனது, பேரணி போனது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

விக்கிரவாண்டியில் வண்டி நின்று கிளம்பியபோது அக்காவின் ராணி போய் அந்தக் காவல் குதிரையைத் தின்றது.

பெட்டியில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. பாலிடெக்னிக் சார் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் அலுத்துக்கொண்டே சிப்பாயால் ராணியைத் தின்றார். தின்றதும் அவருடைய ராஜாவுக்கு முன்னாலிருந்த சுவரில் ஒரு வழி திறந்தது. அந்த வழிக்கு நேராக அக்காவின் யானை வந்து நின்றது. செக். ராஜா மூலைக்கு நகர்ந்தான். இனிமேல் அக்கா வழக்கம்போல செக் செக்கென்று விரட்டிக் களைத்துப்போவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் செக் வைக்கவில்லை. மந்திரியை எடுத்து ராஜாவின் வாசலருகே சும்மா வைத்தார். வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

ஒரு ராணியைக் கொடுத்தவர் செக்கூட வைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்! நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராஜாவுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஆனால் மேட் ஆக இன்னும் ஓரிரண்டு நகர்த்தல் வேண்டும், வெளியே தைல மரங்கள் ஓட்டமாய் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் செய்ய வேண்டியதெல்லாம் தாடையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும்தான். எண்ணினால், குதிரை ஒன்று போயிருந்தாலும், ஒரு ராணி அதிகம், அதற்குமேல் இரண்டு சிப்பாய். நாலாவது இடம் அவருக்கு.

அவர் தாடையில் கைவைத்தார். அக்கா அவரை அவசரப்படுத்தவில்லை. பையின் பிடியை மட்டும் ஒரு விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பொறுக்காமல் வாயைத் திறந்தேன், பாலிடெக்னிக் சார் என் தோளை அழுத்தினார். முண்டியம்பாக்கம் பிளாட்பாரம் ஜன்னலில் வந்து நின்றது.

அக்கா எழுந்தார். "எண்ணிக்கோங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்து, தான் தின்ற அந்த ஒரு குதிரையை எடுத்துப் பலகையோரம் வைத்தார்.

அண்ணன் எண்ணவில்லை. பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே எழுந்தார். தாம்பாளம் மாதிரி அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். எங்கே போகிறீர்கள், உங்கள் ஸ்டேஷன் இது இல்லையே என்று பெட்டியே கேட்டது.

"இவன் சாவறானா பொழைக்கிறானான்னு தெரியாம நான் ஆபீஸ் போய் இன்னா பண்ணப் போறேன்? எறங்கும்மா."

அவர் இறங்கினார். அக்கா இறங்கினார். நான் குதித்தேன். பாலிடெக்னிக் சாருக்கு முதல் பீரியடே வகுப்பு இருந்தது. ஒரு காலைக் கீழே வைத்து, மறுபடி மேலே எடுத்து, ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டார். வண்டி கிளம்பியது. ஒவ்வொரு ஜன்னலிலும் எங்கள் ஆட்கள், என்னாச்சு என்னாச்சு என்று கத்திக்கொண்டே விழுப்புரத்தை நோக்கிப் போனார்கள்.

பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் பலகை வைக்கப்பட்டது. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது அது நிஜமான யோசனை. கடைசியில் தன் யானையைக் கொண்டுபோய் ராஜாவின் பக்கத்தில் கேடயமாக நிறுத்தினார். அக்காவின் யானை அதைத் தின்றது. ராஜாவே இறங்கி அதைத் தின்றான். அப்போது அக்கா, இத்தனை நேரம் பின்னால் சும்மா நின்றிருந்த தன் இன்னொரு யானையை எடுத்தார். காந்தத்தின் சத்தம் டக்கென்று கேட்டது. கடைசி வரிசைவரை தள்ளிக்கொண்டுபோய் வைத்தார்.

மேட்.

அண்ணன் ராஜாவின் ஒவ்வொரு பக்கத்துக் கட்டத்திலும் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் அவருடைய சிப்பாய், இன்னொரு பக்கமும் அவருடைய சிப்பாய், மிச்சமெல்லாம் அந்த மந்திரியின் பார்வையில், யானையின் பார்வையில். அவருடைய ராணி பலகையின் எதிர் ஓரத்தில், தின்ற சிப்பாயின் கட்டத்தில், எதற்கும் பயன்படாமல் நின்றது. அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். தோற்றவர் முகமாகவே அது இல்லை.

"செக்கே வெக்காம மந்திரிய வெச்சியேம்மா, அதுலயே நான் காலி" என்று கையைக் கூப்பினார். "எண்ணியிருந்தா இதப் பாக்காமயே போய்ச் சேர்ந்திருப்பேன்."

என் போன் அடித்தது. பாலிடெக்னிக் சார். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன், பெட்டி மொத்தமும் கேட்கிறது, ஒரே வார்த்தையில் சொல் என்றார். மேட் என்றேன். யாருக்கு ஜெயம் என்றார். ராணியில்லாதவருக்கு என்றேன். போனுக்குள்ளிருந்து எழுந்த கூச்சலில், பிளாட்பாரத்தில் டீ விற்றுக்கொண்டிருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லை, டூட்டிக்கு ஏற்கெனவே தாமதம். சேலையை வாரிப் பிடித்துக்கொண்டு நடை மேம்பாலத்தின் படிகளில் ஏறினார். பாதியில் நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"பாப்பா, நடக்கவுட்ட ஆட்டத்துல குடுத்தவன் வெள்ளை. இன்னிக்கும் எனக்கு வெள்ளை. ஞாயித்துக்கெழம கறுப்பு வந்துட்டா?"

பதிலுக்கு அக்கா நிற்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். அண்ணன் ஏற்கெனவே காய்களை முதலிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்துப் பலகையைத் திருப்பி, கறுப்பை என் பக்கம் வைத்தார்.

"அடுத்த வண்டி வர்றதுக்குள்ள பாத்துடலாம். நான் வெள்ளை ஆடறேன். நீ ராணியக் குடுக்க வழி தேடு."